தண்ணிக்குள் வாய் திறந்தது பேச்சாகுமா?

அன்புள்ள மச்சான் வெற்றிவேலுக்கு,

சேலையூரிலிருந்து உன் மாமா ஜெயவேலு எழுதுவது. ஆரணியில் நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மகள் ஓவியாவும் சௌக்கியம். உன் அக்கா கிளியம்மாளும் சௌக்கியம் என்றுதான் அவள் விரல்களைப் பார்த்தால் தெரிகிறது. வாயால் சொன்னால்தானே உறுதியாக எழுத முடியும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மூடியிருப்பது வாயை மட்டும்தான், காதை அல்ல.

உன் மகன் காதுகுத்தில் நடந்தது உனக்கே தெரியும். பந்தியில் நாலு பேர் சிரிக்கட்டுமே என்று, "கிளி பேச ஆரம்பிச்சா தலைக்கு மேல ஏர்போர்ஸ் பிளேன் போறதே காதுல விழாது" என்றேன். சிரித்தார்கள். நீயும் பாயசம் புரையேறச் சிரித்தாய், மறுக்காதே. அவள் மட்டும் இலையை மூடிவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? நானும் பேசவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட ஓவியா இரண்டு பக்கமும் தூது போய் ஓர் ஒப்பந்தம் போட்டாள். முதலில் பேசுகிறவர் தோற்றவர். தோற்றவர் தை மாதம் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அதே சொந்தக்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் அவர் எதிரில் மன்னிப்புக் கேட்பதா? அதற்குச் செம்பாக்கம் ஏரியில் இறங்கிவிடலாம்.

ஏரியில் இல்லை மச்சான், என் மகள் என்னைக் கடலிலேயே இறக்கிவிட்டாள். "ரெண்டு பேரும் எப்படியும் பேசப் போறதில்ல, பேசவே முடியாத எடத்துக்குப் போயிட்டு வாங்க" என்று, முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபா வகுப்பில் சேர்த்துவிட்டாள். டாக்டரும் இந்தச் சதியில் கூட்டு, இரண்டு பேருக்கும் இதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் முதல் பாடம். சொல்லித் தருகிறவர் ஆஸ்டின் என்ற வாத்தியார். "வாய்ல காத்துக் குழாய் இருக்கும் சார், தண்ணிக்குள்ள கைதான் பேசணும்" என்று ஆரம்பித்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போட்டால் எல்லாம் சரி. கட்டை விரலைத் தூக்கினால் மேலே போவோம். கையை விரித்து ஆட்டினால் ஏதோ கோளாறு. கழுத்தை அறுப்பது போல் காட்டினால் காற்று தீர்ந்துவிட்டது. எனக்கு வட்டம் மட்டும்தான் மனதில் நின்றது. உன் அக்கா மொத்தத்தையும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? தலை ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சைகை பேச்சாகாது என்று ஓவியாவிடம் சலுகையும் வாங்கிவிட்டாள்.

அப்புறம் நான் பட்ட பாட்டைக் கேளு. காலையில் கண்ணைத் திறந்தால் மூக்குக்கு நேராக ஒரு கட்டை விரல், எழுந்திரு என்று அர்த்தமாம். கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டினால் பின்னாலிருந்து உள்ளங்கை வந்து என் கண்ணை மறைக்கும், நிறுத்து என்று அர்த்தமாம். நான் நிறுத்தினேன், பின்னால் வந்த பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்தார். காய்கறிக் கடையில் விரலாலேயே பேரம் பேசினாள். கடைக்காரர், "அம்மாவுக்குப் பேச்சு வராதா சார், பாவம்" என்று கண் கலங்கி, கொத்தமல்லி, கறிவேப்பிலையோடு ஒரு சுரைக்காயையும் சும்மா கொடுத்தார். நான் உண்மையைச் சொல்வேனா, சுரைக்காயை வாங்குவேனா? வாங்கிக்கினு வந்துட்டேன்.

இதுக்கெல்லாம் சிகரம் போன வாரம். மாடி வீட்டு சௌகத் அலி சார் தண்ணி மோட்டார் விஷயமா வந்து ஹால்ல காபி குடிச்சிக்கிட்டிருந்தார். சமையல்கட்டுல கேஸ் தீர்ந்துபோச்சு. உன் அக்கா முருங்கைக்காய் நறுக்கின கத்தியோட வாசப்படியில வந்து நின்னா. என்னையே பாத்தா. கத்தி பிடிச்ச கையாலேயே கழுத்துக்குக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தா. சிலிண்டர் காலியாம்! சௌகத் அலி சார் டம்ளரை வெச்சிட்டு எழுந்தார். "ஜெயவேலு சார், நான் மேல போறேன். நீங்களும் வந்துடுறீங்களா?"ன்னார்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவளம் பக்கம் படகில் கூட்டிப்போய்க் கடலில் இறக்கினார்கள். உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரே கலங்கல். ஒரு மீன் மட்டும் என் எதிரே வந்து நின்று முறைத்தது. அந்த நேரம் பார்த்து என் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. எனக்கு ஒரு சைகையும் ஞாபகம் வரவில்லை. இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். அது ஆஸ்டின் சொல்லித் தந்ததில் இல்லை. வாயைத் திறந்து கத்தினேன். குழாய் நழுவியது, கடல் உள்ளே வந்தது. செத்தேன் என்றே நினைத்தேன் மச்சான். ஒரு கை வந்து குழாயை என் வாயில் திணித்தது, இன்னொரு கை தோளைப் பிடித்தது. கிளிதான். கண்ணுக்கு நேரே விரலால் வட்டம் போட்டு, நானும் திருப்பி வட்டம் போடும் வரை அவள் என்னை விடவில்லை. அப்போது எனக்கு அழுகையே வந்தது. கடலில் யாருக்குத் தெரியும் என்று அழுதும்விட்டேன்.

மேலே படகுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? படகில் கூட வந்திருந்த ஓவியாவைக் கூப்பிட்டு, என்னைச் சுட்டிக்காட்டி, விரல்களை வாய் போலத் திறந்து மூடி, ஒரு விரலைத் தூக்கினாள். முதலில் பேசியது நான்தானாம்! வந்தது வெறும் குமிழி. குமிழி பேச்சாகுமா? ஆஸ்டினைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "கடல்ல நடந்தத நான் வெளிய சொல்றதில்ல சார்" என்று நழுவிவிட்டார். ஆகவே தீர்ப்பை உன்னிடம் விடுகிறேன். அக்கா என்று பார்க்காதே, நியாயத்தைப் பார். நான் என்ன கத்தினேன் என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல காதோடும் அளவான வாயோடும் வாழ என் ஆசி. பெரியப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

இப்படிக்கு,
இன்னும் தோற்காத உன் மாமா
ஜெயவேலு

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, தீர்ப்பு வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னாங்க, அன்னிக்குத் தண்ணிக்குள்ள இன்னா கத்துனீங்க?" என்று வாய் திறந்தே கேட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் பேரைத்தான்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு, "அப்போ மொதல்ல பேசுனது நீங்கதான், கிரகப்பிரவேசத்துல நீங்கதான் மன்னிப்புக் கேக்கணும்" என்றாள். அதிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள், வீடு வீடாக இருக்கிறது. நான் உண்மையில் கத்தியது "ஆஸ்டின்" என்று. அதைச் சொன்னால் அவள் பேரைச் சொல்லவில்லை, அவளோடு பேசவும் இல்லை, வழக்கில் நான் ஜெயித்துவிடுவேன். சொல்ல மாட்டேன். படித்ததும் கிழித்துப் போடு, பெரியப்பாவை முன் வரிசையில் உட்கார வை.