பாகக்காய்ப் பூதத்தை வெட்டின வீரன்

"இன்னிக்கு அந்தப் பூத விளையாட்ட ஒழிச்சுக் கட்டிட்டுத்தான் மறுவேலை!"

சபதம் போட்டது தையல்காரர். போட்டது குளியலறைக்குள்ள. அதுவும் தாப்பாளப் போட்டுட்டு.

பின்ன? ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும். சம்சாரமும் மாடிவீட்டு நர்சம்மாவும் சாப்பாட்டு மேசையில கட்டம் போட்ட அட்டைய விரிச்சுருவாங்க. கழுத்த நெரிக்கிற கொடி, ஆள முழுங்குற மரம், கடிக்கிற பூவு, அத்தனையும் செடிப் பூதம். சம்சாரம் கதை சொல்லணும், எதிராளி பகடைய உருட்டி சண்டை போடணும். மணி ரெண்டானாலும் அடுப்பு பத்தாது. கேட்டா, "பசிச்சா நீங்களே செஞ்சுக்கங்க."

அவரு செய்யிறதா? கல்யாணமாகி பதினோரு வருஷமா துணிய மட்டும் வெட்டுன கை அது. ஒரு வெண்டைக்காய வெட்டுனதில்ல. அந்தப் பெருமையும் நிக்கணும், வயிறும் நிறையணும். உள்ள பூந்து எல்லாப் பூதத்தையும் கொன்னுட்டா ஆட்டம் முடிஞ்சுரும்ல?

தாப்பாளத் தொறந்து நேரா மேசைக்கு வந்தாரு. "நானும் ஆட்டத்துக்கு வர்றேன்."

நர்சம்மா வாயப் பொத்திக்கிட்டாங்க. சம்சாரம் சிரிக்கல. "வாங்க. முதல்ல உங்க பாத்திரத்த எடுத்துக்கங்க."

"பாத்திரமா? கழுவுறதெல்லாம் நம்மால ஆகாது!"

"ஐயோ, கதையில வர்ற பாத்திரங்க. நீங்க ஒரு வீரன்."

வீரன்னதும் நெஞ்சு ரெண்டு இஞ்சு ஏறுச்சு. அளவெடுக்கிற ஆளாச்சே, அவருக்கே தெரிஞ்சுது.

"ஒரு நிபந்தனை. ஜெயிச்சா எல்லாக் காயையும் நீங்கதான் வெட்டணும்."

"ஒண்ணு விடமாட்டேன்!"

சம்சாரம் நர்சம்மா பக்கம் திரும்புனா. "அக்கா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"நல்லாக் கேட்டுச்சு."

அட்டையப் பாத்தா பூதப் பொம்மையே இல்ல. பாகக்காய் முறைக்குது. கத்திரிக்காய் கிரீடம் வச்சு உக்காந்துருக்கு.

"என்னடி இது?"

"பொம்மைக்கு எங்க போக? இருக்கிறத வச்சு ஆடுறோம். முதுகுல முள்ளு இருக்கில்ல, அது சேத்துப் பூதம். உருட்டுங்க."

ஆறு! பாகக்காய் அவுட்டு. அடுத்ததும் ஆறு. கிரீடம் கவுந்துச்சு. மூணாவது ஒண்ணு.

"உங்க ஆளுக்குக் காயம்."

"எதால?"

"வெங்காயத்தால."

"வெங்காயத்தாலயா காயம்?"

"கிட்டப் போனா கண்ணு தெரியாது. அழுதுக்கிட்டே உருட்டுங்க."

பூதம் எது, காய்கறி எதுன்னு தையல்காரருக்குத் தலை சுத்துச்சு. ஆனாலும் உருட்டுனாரு. கடைசி வெங்காயமும் சாஞ்சுது.

"ஜெயிச்சாச்சு! அட்டைய மடி, சோத்தப் போடு!"

மடிச்சா. மடிச்ச இடத்துல பலகையும் கத்தியும் வந்து உக்காந்துச்சு.

"கதையில வெட்டியாச்சு. இனி கத்தியில வெட்டுங்க."

"அடியே, நான் சொன்னது விளையாட்டுக் காய!"

"இதுலதானங்க விளையாடுனோம்?"

முழிச்சாரு. அவ சொல்றதும் சரியாத்தான் இருக்கு. எங்க சறுக்குனோம்? திடீர்னு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நாற்காலியில சாஞ்சாரு.

"போச்சு... வெங்காயக் காயம் ஏறிருச்சு. என் பாத்திரம் செத்துருச்சு. செத்தவன் எப்படி வெட்டுவான்?"

நர்சம்மா நாடி புடிச்சுப் பாத்தாங்க. "ஆமா, செத்துருச்சு."

"சரிங்க, காய நாங்களே வெட்டிக்கிறோம்," சம்சாரம் அடுப்படித் தொட்டியக் காட்டுனா. "உங்க பாத்திரம்தான் அங்க குமிஞ்சு கிடக்கு. கழுவிக் கவுத்துருங்க."