விமலா வீட்டு மூடிகள்

"இன்னொரு தடவை பாருங்க. ஏழு மூடி! ஏழையும் அந்தந்தச் சட்டி மேல சரியா வச்சிருச்சு!"

கங்கா கைப்பேசியை லிங்கேஸ்வரனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். பகலில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் விமலா அனுப்பிய வீடியோ. இருபது மாதக் கவிஷா கடைசி மூடியை வைத்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள்.

"நல்லதுதானே லா," என்றான் அவன், சோற்றைப் பிசைந்தபடி.

"என்ன நல்லது? நம்ம வீட்டுல சட்டி இல்லையா? எங்கிட்ட ஒரு மூடியத் தொட்டிருக்காளா?"

தொட்டதில்லை. கங்கா ரவாங் நகரத்துப் பேக்டரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் கவிஷா அவள் காலைக் கட்டிக்கொள்வாள். கங்கா குளித்து உடை மாற்றி வந்தால் சிணுங்குவாள். அவ்வளவுதான்.

"விலை பொம்மை வேணாம்மா, வீட்டுச் சாமானை வச்சு விளையாடுங்க, மூளை தானா வளரும்," என்று கிளினிக் தாதி சொல்லியிருந்தாள். வளரத்தான் செய்தது, மூன்று வீடு தள்ளி, விமலா வீட்டில். மூன்று வாரமாக நாளுக்கொரு வீடியோ. பெற்றது ஒருத்தி, பெருமை இன்னொருத்திக்கா?

சனிக்கிழமை சமையலறையையே கூடத்தில் கொட்டினாள். கவிஷா ஒரு மூடியை அலமாரிக்கு அடியில் வீசினாள். பிறகு நேராகப் போய் அழுக்குத் துணிக் கூடைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

இழுத்துத் தூக்கும்போதுதான் கூடை கங்காவின் கண்ணில் பட்டது. "என் பேக்டரி சட்டை ஒன்ன இன்னும் காணோங்க!"

"கொடியிலேருந்து காத்துல பறந்திருக்கும். மொதல்ல பிள்ளையப் பாரு."

"விமலாக்கா வீட்டுல சட்டி பக்கத்துல மைலோ டின்னும்ல இருக்கு? அதான் விஷயம்!"

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர் முழுக்க அலைந்து காலி டின்கள் சேர்த்தாள். கவிஷா முதல் டின்னுக்குள் காலை விட்டு, எடுக்க வராமல் வீறிட்டாள். சமையல் எண்ணெய் அரைப் புட்டி தீர்ந்தபிறகுதான் கால் வெளியே வந்தது. அந்தத் தரையில் வழுக்கி லிங்கேஸ்வரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"டின்னுல இல்லங்க," என்றாள் கங்கா. "ஆளுலதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை விமலா கட்டுவது போலவே பூ அச்சிட்ட ஒரு பழுப்பு பாத்திக் கைலி வாங்கினாள். விமலாவைப் போல உச்சந்தலையில் கொண்டை. விமலா பூசும் மஞ்சள் தைலத்தைக் கழுத்து முழுக்கத் தேய்த்தாள்.

பின்னாலிருந்து வந்த லிங்கேஸ்வரன், "வாங்கக்கா, எப்ப வந்தீங்க?" என்றான்.

கங்கா திரும்பி முறைத்தாள். கவிஷாவோ அம்மாவை மேலும் கீழும் பார்த்து, இரண்டடி பின்வாங்கி, ஊரே கேட்கக் கத்திக்கொண்டு கூடையைத் தேடி ஓடினாள். கங்கா அப்படியே உட்கார்ந்து அழுதாள். சொந்தப் பிள்ளைக்குத் தான் வேண்டாதவளாகிவிட்டதாகவே நினைத்தாள்.

திங்கட்கிழமை வழக்கம்போலப் பிள்ளையை விமலாவிடம் விட்டுவிட்டு வந்தாள். ஆனால் பஸ் ஏறவில்லை. விடுப்பு எடுத்து, அதே கைலி, அதே கொண்டை, அதே தைலத்தோடு பத்து மணிக்கு விமலா வீட்டுக்கு நடந்தாள். என்ன மந்திரம் போடுகிறாள் என்று இன்று பார்த்துவிடுவதென்று முடிவு.

விமலாவின் கணவர் சன்னாசி வாசலில் லோரி சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை நிறுத்த மறந்தார்.

கங்கா நிற்கவில்லை. உள்ளே, விமலாவின் மடியில் கவிஷா. முன்னால் ஏழு சட்டி, கையில் மூடி. விமலாவின் உடம்பில் நீலச் சட்டை, மார்புப் பையின் மேல் நூலால் தைத்த பெயர்: கங்கா.

"என் சட்டை! பிள்ளையத்தான் எடுத்துக்கிட்டீங்கன்னு பார்த்தா, சட்டையையுமா? இதெல்லாம் நல்லாருக்காக்கா?"

விமலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கவிஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்த நீலச் சட்டையில் முகம் புதைத்துக்கொண்டாள்.

சன்னாசி ஈரக் கையோடு உள்ளே ஓடி வந்தார்.

"இவளத் திட்டாதம்மா! உன் பிள்ளைதான் அத தன் துணிப் பையில திணிச்சுக் கொண்டாந்துச்சு. அதுக்கு முன்னல்லாம், நாள் பூரா அழுகைதான். இந்தச் சட்டையப் போட்டாத்தான் மடியில உக்காருது, மூடியத் தொடுது. துவைச்சா உன் வாசம் போயிடும்னு மூணு வாரமா துவைக்காமலே மாட்டிக்கிட்டுத் திரியிறாம்மா என் பொண்டாட்டி!"