ஊசியும் என் வாயிலிருந்து வந்த ‘வீ’யும்

ஏழாம் வகுப்பைத் தாண்டாத நான் புதுச்சேரியில் சாரம் பகுதியில் சைக்கிள் கடை வைத்தேன். அதை பிரவுசிங் சென்டராக்கினேன். அதன்மேல் மாடி எழுப்பி சாப்ட்வேர் கம்பெனியும் தொடங்கினேன். எல்லாம் ஒண்டி ஆளாக! கம்ப்யூட்டரை அணைக்க மட்டும் தெரியாது, பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். ஆனாலும் சொல்கிறேன், ஊசியைப் போன்ற ஒரு கிறுக்கனை வேலைக்கு வைத்துச் சமாளித்தவன் புதுச்சேரியிலேயே நான் ஒருவன்தான்.

எந்தப் புரோகிராமைப் பார்த்தாலும் “இன்ஜெக்ட் பண்ணணும்” என்பான். “மருந்து எங்கடா?” என்று நான் கேட்ட அன்றிலிருந்து அவன் பெயர் ஊசி.

“மொதலாளி, மெயில் அனுப்புற ஆள, அதாவது அந்தக் குட்டி புரோகிராம, பெரிய புரோகிராம் தானா தேடிக்கினு போவக்கூடாது. வெளியேர்ந்து நாமதான் குடுக்கணும், அதான் இன்ஜெக்ட். எந்த ஆளுன்னு ஒரு வரி எழுதி வெச்சுட்டா, நேரத்துக்குத் தக்கன அதுவே பாத்துக்கும்.”

அந்த வரிக்கு எக்ஸ்பிரஷன் என்று பெயராம். வாயைத் திறந்தாலும் அவனுக்கு அதுதான் வரும். “மழ பெஞ்சா டீ, இல்லன்னா மோரு. மோரு புளிச்சிருந்தா மறுபடியும் டீ” என்பான். பெண் பார்க்கப் போன இடத்தில், பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். “பொண்ணுக்கு என்னப் புடிச்சிருந்தா புடிச்சிருக்கு, இல்லன்னா புடிக்கல” என்றான். பஜ்ஜியோடு திரும்பினோம். கூடப் போன எனக்குத்தான் அவமானம். அதிலும் இரண்டாவது தட்டு கேட்டு வாங்கியிருந்தேன்.

பிரான்சில் ஓட்டல் வைத்திருந்த ஒருவர், அறை பதிவு செய்ய வெப்சைட் கேட்டார். அப்போது கையில் இருந்தது அந்த ஒரே வேலைதான். போனால் மாடியைப் பூட்ட வேண்டும். சோதனை என்றால் மெயிலை அனுப்பாமலே அனுப்பியதாகச் சொல்லும் பொய்த் தபால்காரன், நிஜம் என்றால் நிஜத் தபால்காரன் என்று ஊசி தன் வரியை எழுதினான். எங்கள் ஆபீசில் ஜோராக ஓடியது. அவர்கள் மெஷினில் ஏற்றியதும் ஒரு மெயிலும் போகவில்லை. இன்றைக்குள் சரியாகாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்ப்பேன் என்று ஓட்டல்காரர் ஊசியிடம் போனில் சொல்லிவிட்டார்.

ஊசி திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது மறுபடியும் போன். நான் எடுத்தேன். அவர் பொரிந்து தள்ளியதில் ஒன்றும் விளங்கவில்லை. மிஸ்யேவை விட்டால் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, ஆமாம் என்பதற்கான ‘வீ’ ஒன்றுதான். “வீ மிஸ்யே, வீ, வீ” என்று, ஐயாவுக்கு ஒரு மிஸ்யே போட்டு, மரியாதையாக வாரி இறைத்தேன். நாங்கள் எல்லோரும் முட்டாள்களா என்று அவர் கேட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஊசி நாற்காலியிலிருந்து எகிறினான். “மொதலாளி! இன்னா சொன்னீங்க?”

“வீன்னேன். ஏன்டா, தப்பா?”

“அய்யோ, அதான்! நெசமா ஓடுதான்னு என் வரி கேக்குது. இங்க அதுக்கு நாம ‘யெஸ்’னு பதில் எழுதினோம். அங்க அவுங்க ஆளு ‘வீ’ன்னு எழுதிட்டாரு போல! என் வரிக்கு யெஸ் மட்டுந்தான் தெரியும். வேற இன்னா எழுதினாலும் சோதனைன்னு நெனச்சுக்கும்!”

வரியில் ‘வீ’யையும் சேர்த்தான். மெயில் பறந்தது. வேலை தங்கியது, மாடியும்.

இப்போது ஊசி பிரான்சில் இருக்கிறான். இந்தக் கதையை அங்கே சொல்லும்போது, “திடீர்னு மூளையில பட்டுச்சு” என்கிறானாம். மூளையில் எங்கே பட்டது? காதில் அல்லவா விழுந்தது! டேய் ஊசி, அந்த ‘வீ’ என்னுடையது. இனி எங்கே சொன்னாலும் என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போனில் ஒப்புக்கொண்டால் செல்லாது. புறப்பட்டு வந்து, என் எதிரே உட்கார்ந்து சொல்.