வேதநாயகி வார்டு

"பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல நான் நிக்கப் போறேன்!"னு கர்ஜனை பண்ணேன். கேட்டது ரெண்டே பேரு. நைனாவும் என் பொண்டாட்டி வேதநாயகியும்.

மெட்ராஸ்ல எம்.ஏ. அரசியல் பரிச்சை எழுதிட்டு, ஊருக்கு வந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். நைனாவுக்கு செஞ்சி பஜார்ல மளிகைக் கடை.

"அரசியல் படிச்சா இன்னாடா ஆவலாம்? தோத்தா கடையில குந்தி புளி கட்டணும். சம்மதமா?"

"சம்மதம்!"

நிக்கணும்னா வார்டுல ஒரு ஆளு நம்மள முன்மொழியணும். டீக்கடை கோவிந்தராஜ்கிட்ட போனேன்.

"போன லீவுல என் டீயை கழனித் தண்ணின்னியே?"

"அது விமர்சனம். ஜனநாயகத்துல..."

"அப்ப ஜனநாயகத்துகிட்டயே கையெழுத்து வாங்கிக்க."

தெருவே அப்படித்தான். நியாயத்தைப் பேசினா சண்டைக்காரனாம். என்னைக் கண்டா கதவு சாத்துது. செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை மேல ஏறிக் கத்திப் பார்த்தேன். நான் சொன்னதை அப்படியே ஒத்துக்கிட்டது அந்தப் பாறை ஒண்ணுதான்.

வீட்ல வேதநாயகி மட்டும் கேப்பா. முறத்துல அரிசியப் போட்டு கல்லு பொறுக்கிகிட்டே கேப்பா. அரிஸ்டாட்டில்லேருந்து பொம்பளைக்குச் சம உரிமை வரைக்கும் அவகிட்டதான் கொட்டுவேன். வேற யாருகிட்ட கொட்டறது?

"ஏங்க, ஆளு நான் புடிச்சித் தரேன். அதுவரைக்கும் நீங்க வெளிய வாயத் தொறக்கக் கூடாது."

"வாயத் தொறக்காம அரசியலா?"

"தொறந்துதான் பார்த்துட்டீங்களே!"

வீட்லயே அடைஞ்சி கெடந்தேன். பல்லிகிட்ட பேசினேன். அதுவும் 'ச்சொ'ன்னு அலுத்துகிச்சி. வேதநாயகி வீடு வீடா ஏறி எறங்கினா.

மனு போட கடைசி நாளு. மூச்சு வாங்க ஓடியாந்தா.

"முன்மொழிஞ்சாச்சிங்க! கோவிந்தராஜ் அண்ணந்தான்."

"அப்படிப் போடு! என்னையா?"

"இல்லீங்க. என்னைய."

"அடிப்பாவி! நீ எப்படிடி நிக்கலாம்?"

"பொம்பளைக்குச் சம உரிமைன்னு காது புளிக்கப் புளிக்கச் சொன்னது யாரு? அதைத்தான் தெருவுல சொன்னேன். 'நல்லா இருக்குதே, நீயே நில்லு'ன்னாங்க. நீங்க சொன்னதுன்னு மூச்சு விடல. விட்டிருந்தா கதவ சாத்தியிருப்பாங்க."

எதிர்த்து வாதாட ஒரு பாயிண்டு இல்ல. எல்லாமே என் பாயிண்டு.

செயிச்சிட்டா.

இப்ப நான் கடையில புளி கட்டறேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தா கூடத்துல தெருவே வரிசை கட்டி நிக்குது. சாத்துன கதவுக்காரங்க அத்தினி பேரும்! பேச ஆளு கெடைச்சிதுன்னு வாயத் தொறந்தேன். ஒருத்தரும் திரும்பல. ஒருத்தருக்கு கொழாயில தண்ணி வரல, ஒருத்தருக்கு தெருவிளக்கு எரியல. வேதநாயகி கேட்டுகிட்டு இருக்கா. அதே அரிசி, அதே முறம். எனக்குன்னு இருந்த காது, இப்ப வார்டுக்குப் பொதுவாயிடுச்சி.

"வேதா..."ன்னேன்.

எதிர்வீட்டு காத்தாயிதான் திரும்பினா. "உனக்கு இன்னா கொறை தம்பி?"

"சோறு."

"பின்னால போயி நில்லு."