கொக்குப் பரம்பரையும் எங்கள் பூட்டனும்

லண்டனில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களோடு அதிகம் பழகியவர் எங்கள் பூட்டன் ஒருவர்தான். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார். நூறு வருடத்துக்கு முன் கிழக்கு லண்டனில் மாவு பிசைந்த ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை எந்தக் காய்ச்சலில் போனது என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்.

எண்பதுகளின் நடுவில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், அவருடைய வீட்டு மாடியறையில் நானும் என் அறைத்தோழர் சிவம் அண்ணையும் குடியிருந்தோம். இருவரும் அகதிகள், இருவருக்கும் பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலை. அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், தனிக்கட்டை, வெள்ளைக்காரர். பெயர் மிஸ்டர் குக். பெயர்தான் குக், முட்டை அவிக்கத் தெரியாது.

அறை பார்க்கப் போன அன்று, மற்ற வீட்டுக்காரர்கள் கேட்கும் எதையும் அவர் கேட்கவில்லை. "உங்கள் தகப்பனாருடைய தாத்தாவின் பெயர் என்ன?" என்றார். எனக்குத் தெரியாது. அறை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சிவம் அண்ணை வாயில் வந்ததைச் சொன்னார்: "ஆறுமுகம்." குக் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, "பிறந்த ஆண்டு?" என்றார். சிவம் அண்ணை அசரவில்லை. "சரியாத் தெரியாது சேர். ஆனா நல்ல மழையாம்."

அறை கிடைத்தது. வெளியே வந்ததும் சிவம் அண்ணை சொன்னார்: "தம்பி, இந்தாளுக்கு விசர். பூட்டன்ர பேர் கேட்டு அறை குடுக்கிற மனிசனை நான் இப்பத்தான் பாக்கிறன்." யாழ்ப்பாணத்தில் தாத்தாவின் தகப்பன் பூட்டன். அன்று முதல் எங்களுக்கு மிஸ்டர் குக்கும் பூட்டன்தான்.

அந்த விசருக்கு ஒரு காரணம் இருந்தது. "நாங்கள் அசல் லண்டன்காரர்" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த அவருடைய தகப்பன் இறந்தபோது, கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. அதற்குள் ஜெர்மன் மொழியில் ஒரு ஞானஸ்நானச் சான்றிதழ். அதில் குடும்பப் பெயர் குக் இல்லை, கொக். பூட்டனின் பூட்டன் ஜெர்மனியிலிருந்து வந்த பேக்கரிக்காரர். இடையில் யாரோ பெயரை மாற்றியிருக்கிறார்கள். ஏன் என்று சொல்ல ஆளில்லை.

"கொக்கோ?" என்றார் சிவம் அண்ணை. "எங்கட ஊரில அது வயலில ஒற்றைக் காலில நிக்கும்."

மாடிப்படிச் சுவர் முழுக்கக் கொக்குப் பரம்பரை ஏறியது. வால்பேப்பர் மேலேயே பேனாவால் எழுதினார். சிவம் அண்ணை நனைந்த கோட்டை ஆணியில் மாட்டி, மார்த்தா கொக்கையும் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் மை கரைந்து ஓட வைத்த அன்று, வீட்டில் பெரிய செத்தவீடு நடந்தது. சவரம் செய்யும்போது கசெட் போட்டு ஜெர்மன் படிப்பார். கீழே யாரையோ அடிக்கிறார்கள் என்று நினைத்து நாங்கள் இரண்டு தரம் இறங்கி ஓடினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இடுகாட்டுக்கு இழுத்துப் போவார். ஒருநாள் மூன்று மணி நேரம் பாசி தேய்த்து ஒரு கல்லை வெளுக்க வைத்தோம். அது வேறு ஏதோ கொக். பூட்டன் கொண்டுபோன பூவை அங்கேயே வைத்தார். "இவ்வளவு தூரம் தொந்தரவு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகலாமா?" என்றார். வீட்டுக்கு வந்தபிறகுதான் பூட்டன் தேய்த்தது என்னுடைய பல் தூரிகையால் என்று கண்டுபிடித்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. பழைய பத்திரிகைகள் இருக்கும் நூலகத்துக்குப் போய்வந்தவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்துப் பத்திரிகை ஒன்றில் அவருடைய தாத்தாவைக் கண்டுபிடித்திருந்தார். ஜெர்மன்காரன் என்று தெருவே கூடி பேக்கரியை உடைத்திருக்கிறது. மா மூட்டைகளை ரோட்டில் கொட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பால்காரர் அந்தக் குடும்பத்தைத் தன் வீட்டு நிலக்கரி அறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்.

"தினமும் அங்கே பாண் ரொட்டி வாங்கியவர்கள்தான் உடைத்தார்களாம்," என்றார்.

நான் அதுவரை லண்டனில் யாருக்கும் சொல்லாத கதையைச் சொன்னேன். எண்பத்து மூன்று கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அப்பாவின் புத்தகக் கடையை எரித்தது, மதில் ஏறிப் பாய்ந்தது, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் பக்கத்து வீட்டுச் சிங்கள ரீச்சர் எங்களை மூன்று நாள் தன் சாமான் அறையில் வைத்துப் பூட்டியது. பூட்டன் கொப்பியைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதன்பின் அவர் கொக்குகளை விட்டுவிட்டுப் பால்காரரின் சந்ததியைத் தேடினார். பால்காரரின் பேத்தி லண்டனின் மறுகோடியில், ஹரோவில் இருப்பதாகத் தெரிந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேக் செய்தார். அதை என் மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினோம். செங்கல்லைச் சுமந்த மாதிரி இருந்தது.

கதவைத் திறந்தது எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா.

"எங்கள் தாத்தா உங்கள் தாத்தாவின் நிலக்கரி அறையில் ஒளிந்திருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறோம்," என்றார் பூட்டன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருமா ஒளிந்திருந்தார்?"

"இல்லை அம்மா. இவர் வேறு வீட்டில்."

கதவு ஒரு கணம் யோசித்தது. பிறகு அகலத் திறந்தது. அவருக்கு இந்தக் கதையே தெரியாது. குடும்பத்தில் யாரும் சொன்னதில்லையாம். சுவரில் தொங்கிய தாத்தாவின் படத்தை எடுத்து, கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைக்கும் நம் அம்மாக்கள் மாதிரி, கம்பளிச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். கேக்கை மறுக்காமல் தின்றார். பால்காரர் பரம்பரையில் தைரியத்துக்குக் குறைவில்லை.

திரும்பும்போது ரயிலில் பூட்டன் கேட்டார்: "உன் ரீச்சருக்கு எழுதினாயா?"

இல்லை என்றேன். லண்டனிலிருந்து ஒரு தமிழனின் கடிதம் போய், அதனால் அவருக்குக் கரைச்சல் வந்தால்? அது பாதிப் பயம். மீதிப் பாதி வெட்கம். மூன்று வருடமாகிவிட்டது, இனி என்னவென்று எழுதுவது?

"மூன்று வருடம்தானே? நான் எழுபது வருடம் பிந்திப் போனேன். கேக் கிடைத்ததே என்று அந்த அம்மா சந்தோஷப்படவில்லையா?"

சந்தோஷம் கேக்கினால் அல்ல என்று நான் சொல்லவில்லை. உறையில் தமிழ்ப் பெயர் தெரியாதபடி, கடிதம் அவர் பெயரில், அவர் கையெழுத்தில் போனது: புத்தகக் கடைக்காரரின் மகன் சுகமாக இருக்கிறான், அந்த மூன்று நாளை மறக்கவில்லை.

அடுத்த வாரங்களில் தபால்காரர் வரும் நேரத்துக்கு என்னைவிட முன்னால் பூட்டன் கதவடியில் நின்றார். பதில் வந்தது. ரீச்சர் எழுதியிருந்தார்: மதிலடியில் விழுந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடி தன்னிடம் பத்திரமாக இருக்கிறது, எங்கே அனுப்ப வேண்டும்? சிவம் அண்ணை அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்தி, "தம்பி, மிச்சத்தை நீயே வாசி. எனக்கு ஏலாது," என்று எழுந்து போனார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பூட்டன் ஜெர்மனிக்கே போனார். அவருடைய பூட்டன் பிறந்த கிராமத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கிருந்து எனக்கு ஒரு தபாலட்டை வந்தது. "இங்கே கொக் என்று ஒருவரும் மிச்சமில்லை. பாண் நல்லது. ரீச்சர் மறுபடி எழுதினாரா? நீ சாப்பிட்டாயா?"

லண்டனில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று நான் முதன்முதலில் நினைத்தது அந்த அட்டையைக் கையில் வைத்திருந்தபோதுதான்.