கோல்கீப்பரைக் காணோம்

"தூங்குறான் கோச்" என்று சொல்லி முடித்த பிறகுதான், அந்தப் பொய் எத்தனை நேரம் தாங்கும் என்று இபுரோய் யோசித்தார்.

போனின் மறுமுனையில் பயிற்சியாளர் ரித்வான் கத்தினார். ஹோட்டல் ஜன்னலே அதிர்ந்தது போலிருந்தது.

"தூங்குறானா? சாயங்காலம் மொசாம்பிக்கோட ஆட்டம், உச்சி வெயில்ல தூங்குறானா?"

"பயணக் களைப்பு கோச். மார்சேய்ல இருந்து மூணு விமானம் மாறி வந்த பையன்."

"யோவ், எனக்குக் கோல்கீப்பர் மூணு பேரு. ஒருத்தனுக்கு விரல் ஒடிஞ்சு போச்சு. இன்னொருத்தன் காய்ச்சல்ல போர்வையை விட்டு வெளிய வரல. மிச்சம் இருக்குறது இவன் ஒருத்தன். இவனும் இல்லேன்னா கம்பத்துக்கு நடுவுல யாரு நிக்கிறது? நீ நிப்பியா?"

"ஐயோ, எழுப்பிக் கூட்டிட்டு வந்துடறேன் கோச்!"

"அவனோட வந்தா வா. இல்லேன்னா நீயும் வராதே. இன்னைக்கு மட்டுமில்ல, இனிமே டீம் பக்கமே வராதே."

இபுரோய் போனை வைத்துவிட்டு நஸ்ஸிமின் கட்டிலைப் பார்த்தார். விரிப்பு கசங்காமல் கிடந்தது. நாற்காலியில் கையுறை மட்டும் இருந்தது.

காலையில் அக்கா ரைஹானா ஹோட்டலுக்கே வந்து நின்றாள். நஸ்ஸிம் அவள் கொழுந்தன் மகன். மார்சேயில் பிறந்து வளர்ந்தவன். தேசிய அணி மூன்று வருஷமாகக் கூப்பிட்டும் கிளப் ஆட்டம், கிளப் ஆட்டம் என்று வராமலே இருந்தவன். "ஒரு வாய் சோறு போட்டு அனுப்பிடறேன்டா, பிள்ளை முதல் தடவையா தாய் மண்ணுல காலை வச்சிருக்கான்" என்றாள் அக்கா. இபுரோய் அணியின் உதவி மேலாளர். ஊர் உலகத்துக்கெல்லாம் சட்டம் பேசுவார், அக்கா முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோச்சுக்குத் தெரியாமல் தலையாட்டிவிட்டார். போனவன் போனவன்தான். அக்காவின் போனும் அணைந்து கிடந்தது.

கையுறையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு கீழே ஓடினார்.

"துயிபு! வண்டியை எடு. சாம்பாஜூ போகணும்."

ஓட்டுநர் துயிபு வாய் நிறைய வறுத்த மரவள்ளியோடு திரும்பினான். "நம்ம ஊருக்கா சார்? நீங்களா? பகல்லயா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. சாம்பாஜூதான் இருவருக்கும் சொந்த ஊர். இபுரோயின் மனைவி எஷாத்தியின் வீடும் அங்கேதான். ஆனாலும் அவர் அங்கே போவதெல்லாம் இருட்டிய பிறகு, கட்டின பெண்டாட்டி வீட்டுக்குத் திருடன் மாதிரி. காரணம் இருந்தது. எங்கள் தீவில் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் இரண்டு. நிக்காஹ் முடித்துக் குடும்பம் நடத்துவது ஒன்று. பிறகு அதே பெண்ணோடு, ஊரைக் கூட்டி, மாடு அறுத்து, நாள் கணக்கில் விருந்து போடும் பெரிய கல்யாணம் இன்னொன்று. அதை முடிக்காதவன் தலை நரைத்தாலும் ஊருக்குப் பையன்தான். சதுக்கத்தில் வாய் திறக்கக் கூடாது, பந்தியில் பெரியவர்களுக்குப் பரிமாற வேண்டும், பானை தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். இபுரோய்க்கு வயது நாற்பத்தாறு. கூட்டத்தைக் கண்டாலே வியர்த்துக் கொட்டும் சுபாவம். பையனாகவே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

துயிபு அவரைவிடப் பத்து வயது இளையவன், பெரிய கல்யாணத்தைப் போன வருஷமே முடித்தவன். தலைநகரில் வண்டிக் கதவைத் திறந்து "சார்" என்பான். ஊர் எல்லையில் இருந்த பெரிய மாமரத்தைத் தாண்டியதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஊர்ப் பிரமுகராகிவிட்டான்.

சதுக்கத்தைப் பார்த்ததும் இபுரோய்க்குப் பகீரென்றது. மூன்று மாட்டுத் தோல் கொடியில் காய்ந்தது. ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பானைகளில் சோறு வெந்தது. பெண்கள் முகத்தில் சந்தனக் குழம்பு மஞ்சளாக அப்பியிருக்க, நெருப்பில் மத்தளத்தின் தோலைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பின்வாசல் வழியாக அக்காவின் அடுக்களைக்குள் புகுந்தார்.

"நஸ்ஸிம் எங்கேக்கா?"

"இருக்கான், இருக்கான். முதல்ல தண்ணி குடி. ஏன்டா இப்படி மூச்சு வாங்குது?"

"வெளிய என்ன மாடு, மத்தளம்? யாருக்குக் கல்யாணம்?"

ரைஹானா தேங்காய் துருவுவதை நிறுத்தவே இல்லை. "நம்ம வீட்டு மாப்பிள்ளைக்குத்தான். எப்பக் கூப்பிட்டாலும் மேட்சு, மேட்சுன்னு டிமிக்கி குடுத்துக்கிட்டே இருந்தான். இன்னைக்குத்தான் வசமா மாட்டினான். இனிமே விடுறதா இல்ல."

இபுரோய் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாவிகள்! கோல் காக்க வந்த பையனுக்கே வலை விரித்துவிட்டார்களே!

"அக்கா, அவன் சின்னப் பையன்க்கா!"

"யாரு, சின்னப் பையனா?" அடுக்களையில் இருந்த அத்தனை பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "நல்லா சொன்னே போ. இதுவே ரொம்ப லேட்டுடா."

"இன்னைக்கு மொசாம்பிக்கோட ஆட்டம்க்கா. நாட்டு மானம்! அடுத்த வாரம் வச்சுக்கக் கூடாதா?"

"மாட்டை அறுத்தாச்சு. அதை ஒட்டவச்சு எழுப்பி விடுவியா?"

பெரியவர்களிடம் நேரில் முறையிடுவது என்று முடிவு செய்து சதுக்கத்துக்குப் போனார். அங்கே பெரிய கல்யாணம் முடித்தவர்கள் மட்டுமே போடும் சரிகை அங்கியோடு ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஹாஜி ம்போரெஹா. தேசிய அணியின் எல்லா ஆட்டத்தையும் ரேடியோவில் கேட்டு, எல்லாத் தோல்விக்கும் இபுரோயைத் திட்டுகிறவர்.

"பெரியவங்களே, ஒரு வார்த்தை…"

"யாருடா அது பேசுறது?" ஹாஜி கண்ணைச் சுருக்கினார். "இபுரோயா? உனக்கு எப்ப இங்க வாய் முளைச்சுது? அந்தத் தண்ணிப் பானையைத் தூக்கி நிழல்ல வை."

வைத்தார். அடுத்த பானையைக் காட்டினார்கள். அதையும் வைத்தார். மூன்றாவது பானை பாதி வழியில் இருக்கும்போது சட்டைப் பையில் போன் அலறியது.

"எழுந்துட்டானா?" என்றார் ரித்வான்.

"குளிக்கிறான் கோச்."

"எனக்கு மாடு கத்துற சத்தம் கேக்குது."

"ஹோட்டல்… ஹோட்டல் பின்பக்கம் கோச்."

"நம்ம டீமுக்கு, அழிஞ்சே போச்சுன்னு உலகமே நம்பி, நம்ம கடல்ல உயிரோட கிடைச்ச மீனோட பேரை வச்சிருக்காங்க. இன்னைக்கு நிஜமாவே சாகப் போகுது. அதுக்குக் காரணம் நீதான்யா!"

இபுரோய்க்குக் கண்ணில் நீர் முட்டியது. பதினைந்து வருஷம் அந்த அணியோடு அலைந்தவர். விமானம் வராத ஊரில் விளையாட்டுக்காரர்களோடு தரையில் படுத்திருக்கிறார். சோப்புப் போட்டு அவர்கள் சட்டையைத் துவைத்திருக்கிறார். ஒரு வாய் சோற்றுக்குச் சம்மதித்த குற்றத்துக்கு அதெல்லாம் இன்றோடு போகப்போகிறதே!

துயிபுவைத் தேடிப் பிடித்தார். அவன் முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வெனிலா மணக்கும் சிங்கி இறாலை உரித்துக்கொண்டிருந்தான்.

"துயிபு, நீ பேசினா கேப்பாங்கப்பா. பையனை மூணு மணி நேரத்துக்கு மட்டும் விடச் சொல்லு. ஆட்டம் முடிஞ்சதும் நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்."

"இதுக்குப் போய் ஏன் கெஞ்சுறீங்க?" என்று துயிபு கை கழுவி எழுந்தான்.

எழுந்தவன் உட்காரவில்லை. இறைவனுக்கு நன்றி சொன்னான். பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் புகழ்ந்தான். தன் கல்யாணத்தில் அறுத்த மாடுகளை நினைவுகூர்ந்தான். பிறகு ஹாஜி எழுந்து பதில் சொன்னார். அவர் சொன்னதற்குப் பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். இபுரோய் கையில் மோர்ச் சொம்போடு நின்று வெயிலையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒருவழியாகத் துயிபு வந்து காதோடு சொன்னான்: "சார், காரியம் கைமீறிப் போச்சு. சடங்கு உங்க வீட்டம்மா வீட்டுலதானாம். உள்ளே எல்லாம் தயாராம்."

"எஷாத்தி வீட்டுலயா? ஏன்?"

"அது என்னமோ, பெரியவங்க முடிவு."

"நான் போறேன். அது என் பெண்டாட்டி வீடு!"

"இன்னைக்கு அந்த வாசல்ல அங்கி போட்டவங்கதான் நிக்கிறாங்க. வெறும் சட்டையோட போனா உங்களை இன்னொரு பானை தூக்க விடுவாங்க. வீட்டுக்குள்ள விட மாட்டாங்க." சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி வைப்பதாகக் கிளம்பினான். அவசரத்துக்கு இருந்த ஒரே துணையும் போயிற்று.

இபுரோய் மறுபடி அக்காவிடம் ஓடினார். கையைப் பிசைந்தார். அக்கா உள்ளே போய், மறைந்த தன் கணவரின் அங்கியைக் கொண்டுவந்து நீட்டினாள். கறுப்புத் துணியில் தங்கச் சரிகை பளபளத்தது.

"இதைப் போட்டுக்க. எவனும் உன்னைத் தடுக்க மாட்டான்."

"அக்கா! உரிமை இல்லாதவன் இதைப் போட்டா ஊரை விட்டே தள்ளி வச்சிடுவாங்க. சலாம் சொன்னா பதில் வராது. செத்தா தூக்க ஆள் வராது!"

"அப்ப கோல்கீப்பர் வேணாமா?"

போன் மறுபடி அலறியது. ரித்வான் இந்த முறை பேசக்கூட இல்லை, பெரிதாக ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். அந்தப் பெருமூச்சு இபுரோயைக் கொன்றது. ஊர் தள்ளி வைத்தால் ஒரு ஊர்தான் போகும், அந்தப் பையன் இல்லாவிட்டால் நாடே போய்விடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு அங்கிக்குள் கையை நுழைத்தார்.

அக்கா தலைப்பாகையைக் கட்டிவிட்டாள். "வெறும் கழுத்தோட போனா சந்தேகப்படுவாங்க" என்று ஒரு பெண் மல்லிகை மாலையைப் போட்டாள். "வெயில் மண்டையைப் பிளக்குது" என்று இன்னொருத்தி ஆளைக் கூப்பிட்டு மேலே குடை பிடிக்கச் சொன்னாள். எல்லோரும் எவ்வளவு உதவியாக இருக்கிறார்கள் என்று இபுரோய் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.

சதுக்கத்தில் இறங்கினார். ஹாஜி பார்த்துவிட்டார். போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று இபுரோய் உறைந்து நின்றார்.

ஹாஜி எழுந்து நின்றார். வரிசை முழுவதும் எழுந்து நின்றது. யாரும் பானையைக் காட்டவில்லை.

'ஏமாந்துட்டாங்கடா!' என்று நினைத்தார் இபுரோய். கிழவருக்குக் கண்ணில் புரை இருப்பது அவருக்கு முன்பே தெரியும். மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மத்தளம் முழங்கியது. பெரியவர்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து நடக்க, பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டம் பின்னாலேயே வந்தது. சத்தம் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கும் நஸ்ஸிமுக்காக என்று எண்ணி, அந்தப் பையன் எப்படி மிரண்டு போயிருப்பானோ என்று பரிதாபப்பட்டு நடையை எட்டிப் போட்டார்.

எஷாத்தி வீட்டு வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். தலையில் அரிசி பொழிந்தது. உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினார்.

அறையில் புதுக் கட்டில், புது விரிப்பு. கட்டில் ஓரத்தில் கழுத்தும் கையும் தங்கமாக, கண்ணில் மையோடு எஷாத்தி உட்கார்ந்திருந்தாள். சடங்கை நடத்தித் தருகிறவள் அலங்காரமாகத்தான் இருப்பாள் என்று இபுரோய் அதைக் கவனிக்கவில்லை.

"நீயுமா இதுக்கு உடந்தை? எங்கே அவன்?"

"யாருங்க?"

"நஸ்ஸிம்! டேய் நஸ்ஸிம், பயப்படாதே, மாமா வந்துட்டேன்!" அலமாரியைத் திறந்தார். திரைச்சீலையை விலக்கினார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். தலைப்பாகை உருண்டு ஓடியது.

எஷாத்தி அதை எடுத்துத் தூசி தட்டி, அவர் தலையில் மெதுவாக வைத்தாள்.

"பதினெட்டு வருஷம்" என்றாள். "எனக்கும் இப்படி வாசல்ல மத்தளம் கேக்கணும்னு ஆசை இருக்காதா?"

இபுரோய் ஒன்றும் புரியாமல் பேய் முழி முழித்தார். அப்போது போன் அலறியது. கோச்! அவர் பையைத் தொடவே பயந்தார். எஷாத்தியே அதை எடுத்து அவர் காதில் வைத்தாள்.

திட்டு வரவில்லை. கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே, நம் பேச்சைத் தட்டித் தடுமாறிப் பேசும் இளங்குரல் ஒன்று கேட்டது.

"மாமா, நான் நஸ்ஸிம். காலையிலயே பெரியம்மா என்னை மைதானத்துல இறக்கி விட்டுட்டாங்க. கோச் பக்கத்துலதான் இருக்காரு, கேக்கச் சொல்றாரு: மாப்பிள்ளை வீட்டுக்குள்ள நுழைஞ்சாச்சா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் போன்ல கத்தணுமா?"