ஆரணிக்கு ஓர் ஆப்பு

மனித குலத்தின் தலைவிதியை மாற்றிய மாநாடுகளில் ஒன்று ஜெனீவாவில் நடந்தது, ஒன்று பாண்டுங்கில் நடந்தது, ஒன்று ஆரணி ஸ்ரீ சௌபாக்கிய மஹாலில் நடந்தது. முதல் இரண்டிலும் சாப்பாடு எப்படி இருந்தது என்று பதிவு இல்லை. மூன்றாவதில் பிரமாதம். ஆகவே மூன்றாவதைப் பற்றியே இங்கே சொல்லப்படுகிறது.

இந்த மாபெரும் நிகழ்வுக்கு விதை போட்டவர் சேவூர் ஹேமநாத். அவர் தம் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, நார்வே நாட்டில் நாய்களுக்குப் பிஸ்கட் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு மொபைல் ஆப் எழுதிக்கொண்டிருந்தார். கீழே அப்பாவின் விசைத்தறிகள் ஓடும். வீடியோ அழைப்பில் அந்தச் சத்தத்தைக் கேட்கும் நார்வேக்காரர்கள், "உங்கள் ஊரில் எப்போதும் மழையா?" என்று விசாரிப்பார்கள். விளக்கிச் சொல்லப் போனால் கூட்டம் நீளும் என்பதால் ஹேமநாத்தும் ஆமாம் என்றுவிடுவார்.

சம்பளத்துக்குக் குறைவில்லை. மனைவி சங்கீதா பள்ளிக்கூட டீச்சர், அங்கேயும் குறைவில்லை. ஆனால் ஹேமநாத்துக்கு ஒரு துக்கம் இருந்தது. பேச ஆளில்லை. அவர் எழுதும் ஆப், திரைக்குப் பின்னால் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சில போன்கள் அதைச் சத்தமில்லாமல் கொன்றுவிடுகின்றன. இந்த அநியாயத்தை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு நெஞ்சை அடைத்தது.

"என்னாண்ட சொல்லேன்" என்றாள் சங்கீதா.

சொன்னார். விளக்கமாகவே சொன்னார்.

"அந்த போனுக்கு உன் ஆப்ப புடிக்கல போலக்குது. வுடு" என்று அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

அப்போதுதான் அவர் இணையத்தில் ஒரு குழு தொடங்கி, 'ஆரணிப் பக்கம் யாராவது ஆப் எழுதுகிறீர்களா? உங்கள் ஆப்பையும் சில போன்கள் கொல்கின்றனவா?' என்று கேட்டு வைத்தார். தன் படத்துக்குப் பதில் ஒரு பூனையின் படத்தைப் போட்டிருந்தார். முதலில் பதில் போட்டவள் ஜாய்ஸ். கோட்டை மைதானத்துக்குப் பின்னால் வீடு. சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. 'அந்த போன் பேஜாரா? எனக்கும் அதே கதைதான் ப்ரோ' என்று எழுதினாள். ஹேமநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் விளக்காமலே ஒருத்திக்குப் புரிந்திருக்கிறது.

பிறகு சந்தவாசலிலிருந்து ஆன்சன் வந்தான். போளூரிலிருந்து, செய்யாற்றிலிருந்து என்று ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். எல்லாரும் ஏதோ ஒரு மாடியில் தனியாக உட்கார்ந்து, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனின் நாய்க்கோ பூனைக்கோ உழைப்பவர்கள்.

'ஞாயித்துக்கிழம பஸ் ஸ்டாண்டு டீக்கடைல மீட் பண்ணலாமா?' என்று ஜாய்ஸ் கேட்டாள்.

இங்கேதான் ஹேமநாத்தின் தொலைநோக்கு வெளிப்பட்டது. டீக்கடையில் சந்தித்தால் டீ குடிக்கலாம், பேசலாம், வீட்டுக்குப் போகலாம். அதோடு சரி. 'சமூகம்' ஆகுமா? 'அப்படி வேணாம். முறையா ஒரு மாநாடா பண்ணிடலாம். அங்கயே எல்லாரும் பாத்துக்கலாம்' என்று பதில் எழுதினார்.

முறையாகப் பண்ண மண்டபம் வேண்டும். மண்டபம் ராஜவேலுவுடையது. பட்டுக்கடை ராஜவேலு ஊரில் எந்தச் சங்கத்துக்கும் தலைவர். அவர் தலைவராக இல்லாத சங்கம் இன்னும் பதிவாகவில்லை என்று அர்த்தம். ஹேமநாத் சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மண்டபம் சும்மாவே எடுத்துக்க தம்பி. ஊருக்கு நல்லது நடந்தா சரி. ஒரு சின்னக் கமிட்டி மட்டும் போட்டுடலாம்."

சின்னக் கமிட்டியில் பட்டு வியாபாரிகள் இருந்தார்கள். அரிசி ஆலைக்காரர்கள் இருந்தார்கள். பந்தல் காண்டிராக்டர் இருந்தார். மண்டபத்துக்கு எதிர்வீட்டுக்காரரும் இருந்தார்; சேர்க்காவிட்டால் மைக் சத்தம் என்று புகார் கொடுப்பார். ஆப் எழுதுவோர் சார்பில் ஹேமநாத் 'செயலாளர்' ஆக்கப்பட்டார். கூட்டத்துக்கு டீ சொல்லி அனுப்புவது செயலாளரின் கடமை என்று முதல் கூட்டத்திலேயே தெளிவுபடுத்தப்பட்டது.

"ஜாய்ஸ்னு ஒரு பொண்ணு இருக்குதுங்கண்ணா. நல்லா வேலை தெரிஞ்சவங்க. கமிட்டில சேத்துக்கலாங்களா?" என்று கேட்டார் ஹேமநாத்.

"கமிட்டில எதுக்குப்பா வேல தெரிஞ்சவங்க?" என்றார் ராஜவேலு, உண்மையாகவே புரியாமல்.

இரண்டாவது கூட்டம் மாநாட்டின் பெயரை ஆராய்ந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் முத்துவேல் எழுந்து, "'ஆப்' என்று ஒரு சொல் தமிழில் இருக்க இயலாது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. இறுதியில் உகரம் சேர்க்க வேண்டும்" என்றார்.

"சேத்தா என்னா வருதுங்க ஐயா?"

"ஆப்பு."

பந்தல் காண்டிராக்டர் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"செயலின்னு நல்ல சொல்லு இருக்குதுங்களே" என்றார் ஹேமநாத்.

"செயலின்னு போட்டா செயலாளர்னு நெனச்சிக்குவாங்க. மாவட்டத்துல இருக்கற செயலாளருங்க எல்லாரும் வந்து உக்காந்துருவாங்க. சாப்பாடு பத்தாது. ஆப்புன்னா எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் வாங்கினதுதான்" என்றார் ராஜவேலு.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் பிரம்மாண்டமான பேனர் நின்றது. 'ஆரணிக்கு ஓர் ஆப்பு! திரண்டு வாரீர்!' கீழே ராஜவேலு கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கட்சிக்காரர்கள் தனித்தனியே கடைக்கு வந்து, "எங்களத்தானே சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நிகழ்ச்சி நிரலும் மெருகேறியது. சிக்னல் இல்லாத இடத்திலும் ஆப்பை எப்படி வேலை செய்ய வைப்பது என்று ஜாய்ஸ் ஒரு மணி நேரம் பேசுவதாக இருந்தது. வரவேற்புரை ஏழு பேருக்குப் பிரிந்ததில் அது அரை மணி ஆயிற்று. வாழ்த்துரை சேர்ந்ததும் ஐந்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் 'நேரமிருப்பின்' என்ற தலைப்பின் கீழ், தேசிய கீதத்துக்குப் பின்னால் வைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஹேமநாத் எதிர்ப்புத் தெரிவிக்க வாயைத் திறந்தார். ஒவ்வொரு முறையும் டீ வந்துவிட்டது.

மாநாட்டில் பதிவு செய்துகொள்ளவே ஓர் ஆப் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது மட்டும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத நாங்களே பண்ணிடறோம்ணா. எங்க தொழிலே அதுதான்."

ராஜவேலு அவர் தோளில் பாசமாகக் கை போட்டார். "நீ நம்ம ஊரு புள்ளப்பா. நீ பண்ணா நல்லா இருக்காது. பெங்களூரு பார்ட்டிகிட்ட குடுத்துட்டேன்."

ஆப்புக்கே ஆரணியில் இடமில்லை என்று ஹேமநாத்துக்குத் தோன்றியது. ஆனால் அப்போது அழைப்பிதழின் மாதிரி அச்சாகி வந்தது. அதில் 'மாநாட்டுச் செயலாளர் திரு. ஹேமநாத் அவர்கள்' என்று தங்க எழுத்தில் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏழு வருடமாக அவர் எழுதிய எந்த ஆப்பிலும் அவர் பெயர் வந்ததில்லை. அழைப்பிதழை மடிக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இதற்கிடையில் ஜாய்ஸ் இரண்டு முறை, 'ப்ரோ, டீக்கடைக்காவது வாங்க, எல்லாரும் வராங்க' என்று எழுதினாள். 'கமிட்டி மீட்டிங் இருக்குது. மாநாட்டுல பாக்கலாம்' என்று அவரும் இரண்டு முறை பதில் எழுதினார்.

மாநாட்டு நாள் வந்தது. ஹேமநாத் தன் கல்யாண வரவேற்பில் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"யாரோ மாதிரி கீற" என்றாள் சங்கீதா. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வாசலில் காவல் நின்றவர் மாணிக்கவேல். பட்டுக்கடை மேனேஜர், முதலாளி சொல்லை மீறாதவர். 'கோட் இல்லாம ஒருத்தரையும் உள்ள வுடாத' என்பது உத்தரவு. பதிவு செய்தவர்களின் போனில் வரும் கட்டம் கட்டமான கியூஆர் கோடைத்தான் ராஜவேலு சொன்னார். மாணிக்கவேல் முப்பது வருடம் துணி விற்றவர். அவர் புரிந்துகொண்டது வேறு.

ஆகவே கோட் போட்ட அரிசி ஆலை அதிபர்கள் உள்ளே போனார்கள். அவர்களோடு வந்த மைத்துனர்கள் போனார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் தவறான மண்டபத்துக்கு வந்த ஒருவரும் மரியாதையாக உள்ளே அனுப்பப்பட்டார். ஜாய்ஸ், ஆன்சன் முதலிய ஆப் எழுதுவோர் டி-ஷர்ட்டிலும் சுடிதாரிலும் வெளியே நின்றார்கள்.

அவர்களுக்கு முதலில் வேறொரு தொல்லை இருந்தது. பெங்களூரு ஆப் ஓடிபி கேட்டது. ஓடிபி யாருக்கும் வரவில்லை. ஜாய்ஸ் சும்மா 1234 என்று போட்டுப் பார்த்தாள். ஆப் திறந்துகொண்டது. எல்லாருக்கும் 1234-தான். போனில் கோட் வந்துவிட்ட மகிழ்ச்சியில் அவள் அதை மாணிக்கவேலிடம் நீட்டினாள்.

"படத்தக் காட்டாதம்மா. போட்டுகினு வா" என்றார் அவர்.

"இதான்ணா கோடு. நாங்க தெனம் எழுதறதே கோடுதான்."

"எழுதினா போதாது. தெச்சிப் போடணும்."

உள்ளே மேடையில், ஹேமநாத் ராஜவேலுவுக்கும் முத்துவேலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். விழா 'டிஜிட்டல் குத்துவிளக்கு' ஏற்றித் தொடங்கியது. திரையில் விளக்குப் படம். ராஜவேலு கையில் போன். எல்லாப் பிரமுகர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஐந்து விரல் பட்டதில் திரை திரும்பிக்கொண்டு விளக்கு தலைகீழாக எரிந்தது. நாதசுரம் வாசித்தார்கள்.

வாழ்த்துரையில் அரிசி ஆலைக்காரர் ஒருவர், "இளைஞர்களே, இந்த செல்போனை மட்டும் கையில தொடாதீங்க. குடும்பம் நாசமாயிடும்" என்றார். மாநாட்டில் மிக நீண்ட கைதட்டல் அதற்குத்தான். ஹேமநாத்தும் தட்டினார், மேடையில் இருப்பவர் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அவர் போன் துடித்தது. 'ப்ரோ, எங்கள உள்ள வுடல' என்று ஜாய்ஸ் எழுதியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது: 'பரவால்ல, வேப்பமரத்தாண்ட உக்காந்துட்டோம். ஆன்சன் அந்த போன் பிரச்சினைக்கு வழி கண்டுபுடிச்சிருக்கார். இப்ப காட்டறார். ஜல்தியா வாங்க.'

பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஹேமநாத் எட்டிப் பார்த்தார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் இருபது முப்பது பேர் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மிச்சமான பேனரைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளைப் பக்கத்தில் ஏதோ வரைந்தான். மற்றவர்கள் குறுக்கே பேசினார்கள், சிரித்தார்கள், ஒருத்தி எழுந்து போய் அவன் வரைந்ததை அடித்துத் திருத்தினாள். ஏழு வருடமாக மாடியில் உட்கார்ந்து அவர் ஏங்கியது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

ஹேமநாத் எழுந்தார்.

ராஜவேலு அவர் கோட்டின் நுனியைப் பிடித்தார். "எங்க போற? அடுத்தது உனக்குத்தான். பட்டம் குடுக்கறோம்."

"வெளிய நம்ம பசங்க நிக்கறாங்கண்ணா. ஆப் எழுதறவங்க."

"வெளியதானே? வெளியவே இருக்கட்டும். உள்ள எடம் நெறஞ்சிபோச்சி."

"அஞ்சி நிமிஷம் போயிட்டு வந்துடறனே."

"போயிட்டு வா. பட்டத்த எதிர்வீட்டுக்காரருக்குக் குடுத்துடறோம்."

ஹேமநாத் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். ஹேமநாத் உட்கார்ந்தார்.

'ஆப்புச் செம்மல்' என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. பட்டு நெய்யும் ஊரில், சூரத்திலிருந்து வரவழைத்த பாலியஸ்டர் பொன்னாடை அவருக்குப் போர்த்தப்பட்டது. சந்தன மாலை போட்டார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு 'கமிட்டி' பேட்ஜ் குத்தினார்கள். அவர் ஏற்புரை வழங்கினார். "தனியா உக்காந்து வேலை செய்யறவங்க ஒண்ணா சேரணும், அதுதான் என் ஆசை" என்றார். முன்வரிசையில் இருந்த தவறான மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேசிய கீதம் முடிந்தது. நேரமில்லை. எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். ஹேமநாத் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மாலையும் பொன்னாடையுமாக வேப்பமரத்துக்கு வேகமாக நடந்தார்.

அவரைக் கண்டதும் வட்டத்தில் பேச்சு நின்றது. ஒரு பெண் எழுந்து துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். அவள்தான் ஜாய்ஸ் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"சத்தம் அதிகமா இருக்குதுங்களா சார்? மெதுவா பேசறோம்" என்றாள்.

"இல்லம்மா, நான் வந்து..."

"கமிட்டிங்களா சார் நீங்க? ஒரே ஒரு ஒதவி. ஹேமநாத்னு ஒருத்தர் உள்ள மாட்டிகினு கீறாரு. எங்க ஆளுதான், பாவம், ரொம்ப நாளா இதுக்குத்தான் தவிச்சிகினு இருந்தாரு. அவரக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க சார். அவருக்காகத்தான் முடிக்காம வச்சிருக்கோம்."

ஹேமநாத் பேனரைப் பார்த்தார். நார்வே நாய் பிஸ்கட்டுக்கான விடை அதில் பாதி வரைந்து கிடந்தது. குனிந்தால் படிக்கலாம். குனிந்தால் மாலை நழுவும்.

"சொல்றேன்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த ஹேமநாத்தை அவர் இன்றுவரை வெளியே அனுப்பவில்லை. அடுத்த மாநாட்டுக்கு அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் பதவிக்கு அவரைவிடத் தகுதியானவர் ஆரணியில் யாரும் இல்லை.